பண்ணிரலாமுங்க

மாஸ்டர் எங்கள் ஆபீஸில் சேர்ந்த மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, எட்டுப் பேரையும் நாற்காலியை விட்டு எழுந்து வட்டமாக நிற்கச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார், அஞ்சலி செலுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற டெஸ்டிங் பெண் கண்ணையே மூடிவிட்டாள். அரை நிமிஷம் போயிருக்கும். “என்னாச்சு, ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?” என்று அவரே பயந்துபோய்க் கேட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இனிமேல் தினமும் காலையில் கால் மணி நேரம் நின்றபடி பேச வேண்டும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எது தடுக்கிறது என்று ஆளுக்கு மூன்று பதில். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நிற்பதாம். கையில் ஒரு பழுப்பு அட்டை நோட்டு வைத்திருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு வேலையாகப் படித்து, “இத அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவீங்களா?” என்று கேட்டார். முதல் ஆள் “பண்ணிரலாமுங்க” என்றான். இரண்டாவது ஆளும் “பண்ணிரலாமுங்க” என்றான். நான் உட்பட எட்டுப் பேரும் அதையே சொன்னோம். மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பெயரை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

சங்ககிரியில் சேலம் கோயம்புத்தூர் ரோட்டின் மேலேயே, லாரி உதிரி பாகக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். தலைமை ஆபீஸ் கோயம்புத்தூரில். லாரி ஆபீஸ்களுக்கான சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் வேலை. எந்த வண்டி எங்கே லோடுக்கு நிற்கிறது, எது வழியில் இருக்கிறது, எதில் சரக்கு இறங்கிவிட்டது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் காட்டும். மாஸ்டரின் பதவிக்குப் பெயர் ஸ்க்ரம் மாஸ்டர். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அதை முடித்துக் காட்டிவிட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்குப் போகிற முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அதை நடத்திக் கொடுப்பவர் இவர். எங்கள் வாயில் முன்பாதி உதிர்ந்துபோய் வெறும் மாஸ்டர் ஆனார். கீழே டீக்கடை அண்ணன் முதல் நாளே என்னைப் பிடித்துக் கேட்டார். “புதுசா மாஸ்டர் வந்திருக்காராமா. தையல் மாஸ்டருங்களா, பரோட்டா மாஸ்டருங்களா?” “ரெண்டும் இல்லீங்கண்ணா. வேலை வாங்கற மாஸ்டருங்க” என்றேன். “அப்ப மேஸ்திரின்னு சொல்லுங்க” என்று டீயை ஆற்றினார். மாஸ்டர் சென்னைக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எட்டுப் பேரில் நாலு பேர் புது சாஃப்ட்வேர் எழுதிச் சோதிக்கிறவர்கள். என்னையும் சேர்த்து மீதி நாலு பேர், என் பொறுப்பில், வாடிக்கையாளருக்கு வரும் கோளாறுகளைச் சரி செய்கிறவர்கள். கோளாறு நேரம் பார்த்து வராது. “ஏனுங்க, வண்டி நாக்பூர் தாண்டி செக்போஸ்ட்ல நிக்குதுங்க, பில்லு தெறக்க மாட்டீங்குதுங்க” என்று போன் வந்தால் அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? டிரைவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பான். அதற்காக நான் மாஸ்டர் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே சுவரில் ஒரு போர்டு மாட்டி வைத்திருந்தேன். லாரி ஆபீஸ்களில் வண்டி நம்பர்களை எழுதி வைக்கும் கரும்பலகையைப் பார்த்துப் பண்ணியது. மூன்று கட்டம். ‘நிக்குது’, ‘ஓடுது’, ‘இறக்கியாச்சு’. ஒரு கோளாறுக்கு ஒரு சீட்டு. ‘ஓடுது’ கட்டத்தில் ஒரு ஆள் பெயரில் இரண்டு சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டிரைவர் ஒரு வண்டியைத்தானே ஓட்ட முடியும், நான் தாராளமாக இரண்டு கொடுத்திருந்தேன். மாஸ்டர் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு கான்பன் அக்கா. ஜப்பான்ல கார் தொழிற்சாலையில கண்டுபிடிச்சது” என்றார். “இது சங்ககிரியில லாரி ஆபீசுல கண்டுபுடிச்சதுங்க மாஸ்டர்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஆபீஸில் இரண்டு விதமான முறை ஓடக் கூடாது, எல்லோரும் ஸ்பிரிண்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் “சரிதானேக்கா?” என்று கேட்டபோது என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? “பாத்துக்கலாமுங்க” என்றேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தலைக்கு மேல் ஒரு காரியம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு லாரி முதலாளி. அவருடைய டிரைவர்கள் எல்லோருக்கும் செல்போனில் ஒரு ஆப் வேண்டும். சரக்கை இறக்கியதும் ரசீதைப் படம் எடுத்து அங்கிருந்தே ஆபீஸுக்கு அனுப்பிவிட வேண்டும். தாள் ரசீது திரும்பி வரும்வரை காத்திருக்கும் தொல்லை ஒழிய வேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போது டிரைவர்கள் கையில் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் எம்.டி. ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்குக் கொடுத்தால் சங்ககிரி ஆபீஸ் இருக்கும். இல்லையென்றால் மூடிவிட்டு, வர முடிந்தவர்கள் கோயம்புத்தூர் வந்துவிடலாம்.

வர முடிந்தவர்கள் என்ற பட்டியலில் நான் இல்லை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சங்ககிரியிலேயே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். பையன் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குள் ஆபீஸ் இருந்ததால்தான் எனக்கு வேலை இருந்தது. பையன் பிறந்த பிறகு ஐந்து வருஷம் வீட்டில் இருந்தவள் நான். படித்ததெல்லாம் மறந்துபோய், புதிதாக வந்ததெல்லாம் தெரியாமல், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி மறுபடியும் உள்ளே வந்தேன். இந்த ஆபீஸ் போனால் பக்கத்தில் இன்னொன்று கிடையாது. மறுபடியும் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று எனக்குள் முடிவு பண்ணியிருந்தேன். எம்.டி.யின் மெயிலை மூன்று தடவை படித்துவிட்டு, வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் ஸ்பிரிண்ட் முடிந்தது. நோட்டில் இருந்த பதினான்கு வேலைகளில் நாலு முடிந்திருந்தது. இரண்டாவதில் மூன்று. காரணம் எல்லோருக்கும் கண் எதிரே இருந்தது. புதிதாக எழுத உட்கார்ந்தவனை எழுப்பி, “நாக்பூர்ல வண்டி நிக்குது, கொஞ்சம் பாரு கண்ணு” என்று நானே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் போர்டு இருந்தவரை எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தோம், எதுவும் இறங்கவில்லை. இதெல்லாம் தெரிந்தும் ஒவ்வொரு இரண்டாவது திங்கட்கிழமையும் வட்டமாக நின்று மறுபடியும் “பண்ணிரலாமுங்க” என்று சொன்னோமே, அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது ஸ்பிரிண்ட் முடிவில் வெடித்தது. ரசீதைப் படம் எடுக்கும் பக்கம், அதாவது ஆப்பின் உயிரே அதுதான், தொடங்கவே இல்லை. அது எங்கள் ஆட்களிலேயே கெட்டிக்காரனான நாமகிரிப்பேட்டைக்காரன் பெயரில் இருந்தது. விவசாயக் குடும்பத்துப் பையன், யாரையும் ஏறெடுத்துப் பார்த்துப் பேச மாட்டான். மாஸ்டர் நோட்டை அவன் முன்னால் நீட்டினார். “நீங்கதானே பண்றேன்னு சொன்னீங்க?” அவன் நிதானமாகச் சொன்னான்: “நான் பண்றேன்னு சொல்லலீங்களே. பண்ணிரலாமுங்கன்னுதானுங்க சொன்னேன்.” யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. “என்னைக் கிண்டல் பண்றீங்களா?” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவன் மேல கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க கேட்டீங்க, மரியாதைக்குச் சொன்னான். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?” என்றேன். “அப்ப பண்ணிரலாம்னா என்னக்கா அர்த்தம்?” என்று என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமாகப் பேசுகிற வார்த்தை, யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். “நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க” என்றேன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நாமகிரிப்பேட்டைக்காரன்கூடச் சிரித்தான். மாஸ்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நின்று பேசுகிற கூட்டத்தில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும், “இந்த வார்த்தையில ஆளே இல்லையேக்கா” என்றார். “பண்றேன்னா நான் இருக்கேன். பண்றான்னா அவன் இருக்கான். பண்ணலாம்னா யாரு? இவ்வளவு நாளா ஆளே இல்லாத வேலைக்குப் பேர் எழுதி அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்.”

எங்களைக் குறை சொல்கிறார் என்று அப்போது எனக்குச் சுருக்கென்றது. ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவதற்குக்கூடக் கணக்குக் கேட்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு அதையே மென்றுகொண்டு வந்தேன். அப்போதுதான் தோன்றியது. பையன் பிறந்தபோது என்னை வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை, மாமியாரும் கெட்டவர் இல்லை. “கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருந்து பாத்துக்கலாம்” என்று ஒரு பேச்சு வந்தது, அவ்வளவுதான். யார் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் போய்விட்டது. பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. லீவு நாளாக இருந்தும் போனேன். மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. “என்ற போர்டத் திருப்பி மாட்டுங்க மாஸ்டர். உங்க ரெண்டு வாரத்தையும் உடாதீங்க. ரெண்டும் வேணும்” என்றேன். ஸ்பிரிண்ட் மட்டும் இருந்தால் நாக்பூரில் நிற்கும் வண்டியை யார் பார்ப்பது? போர்டு மட்டும் இருந்தால் எங்கள் நாள் முழுவதும் நாக்பூருக்கே போய்விடும், புது ஆப் ஒரு நாளும் முடியாது. மத்தியானம் வரை சண்டை போட்டோம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று ஆரம்பித்தவர், கடைசியில், இரண்டையும் கலந்து செய்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள் என்று அவரே தேடிப் பிடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதைவிட அது நம்பகமாக இருந்திருக்கும், இருக்கட்டும்.

முடிவானது இதுதான். புது வேலை மாஸ்டரின் இரண்டு வாரக் கணக்கில் ஓடும். கோளாறுகள் என் போர்டில் ஓடும். வாரத்துக்கு இரண்டு பேர், என் ஆளில் ஒருவர், அவர் ஆளில் ஒருவர், போன் பக்கம் நிற்பார்கள். மற்ற ஆறு பேரை வானமே இடிந்தாலும் யாரும் கூப்பிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு நடுவில் புதிதாக ஒரு வேலை உள்ளே வந்தால், எதை வெளியே எடுப்பது என்று கொண்டுவந்தவரே கை காட்ட வேண்டும். கடைசியாக ஒன்று. காலைக் கூட்டத்தில் ‘லாம்’ போட்டு யாரும் பேசக் கூடாது. பண்றேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

மற்றதெல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாடு. நாமகிரிப்பேட்டைக்காரனிடம் வேண்டுமென்றே ஆகாத வேலையாகப் பார்த்து மாஸ்டர் கேட்பார். அவன் நெளிவான், தொண்டையைச் செருமுவான், கூரையைப் பார்ப்பான். “பண்ணி...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வான். ஒரு வாரம் கழித்து ஒரு நாள், தரையைப் பார்த்தபடியே, “முடியாதுங்க” என்றான். மாஸ்டர் கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம். அவனுக்கே ஆச்சரியம். முடியாது என்று சொன்ன பிறகும் அந்த ‘ங்க’ அப்படியே உட்கார்ந்திருக்கிறதே, மரியாதை எங்கேயும் போய்விடவில்லையே என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஸ்பிரிண்டில் பதினான்கு வேலை எடுக்கவில்லை. ஆறு எடுத்தோம். ஆறும் முடிந்தது. ரசீதுப் பக்கம் அதில் ஒன்று. எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நின்ற ஒரு லாரிக்காரரிடம் போனைக் கொடுத்து ரசீதைப் படம் எடுக்கச் சொன்னோம், அவர் மூன்றே தட்டலில் அனுப்பிவிட்டு, “இவ்வளவுதானுங்களா?” என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாஸ்டரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டு அவர் சென்னைக்கு ஓடினார். மறுநாள் மத்தியானம் எம்.டி. எனக்குப் போன் பண்ணினார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், பேச்சில் இனிப்பு குறையாது. “ஒண்ணுமில்லீங்கம்மா. பார்ட்டிய நேத்துப் பாத்தேன். எந்த டயரு எந்த வண்டியில எந்தச் சக்கரத்துல இருக்குதுங்கறதுக்கும் ஒரு பக்கம் ஆப்புல வேணுமாமா. அதையும் இதோட சேத்துப் பண்ணிரலாமுங்களா?” என்றார். டயர் பக்கம் என்றால் விளையாட்டில்லை. பத்துச் சக்கர வண்டிக்குப் பத்து டயர், அதில் மாற்றுவது, தேய்ந்ததுக்கு ரீட்ரெட் போடுவது, ஸ்டெப்னி. குறைந்தது ஒரு மாச வேலை. இதில் கை வைத்தால், ரசீதுப் பக்கத்தை எல்லா டிரைவர் போனிலும் ஏற்றிச் சரிபார்க்கும் பாக்கி வேலையும் சேர்ந்து கெடும், பூஜைக்கு இரண்டுமே இருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘பண்ணிரலாமுங்க’ நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஆபீஸை மூடுவதும் வைப்பதும் இவர் கையில். இவரிடம் முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? சுற்றி இருந்தவர்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“முடியாதுங்க சார்” என்றேன்.

“டயரு உள்ள வரணும்னா ரசீது வெளிய போகணுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் குரல் மாறியது. “காலையிலதான் உங்க மாஸ்டர்கிட்டப் பேசினேன். பண்ணிரலாம் சார்னு சொன்னாரே. அவரு சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்குதே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் நாக்கைக் கடிக்க வைத்த மனுஷன், தான் மாட்டிக்கொண்டதும் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் பார்க்காமல் போன் போட்டேன். பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு விஷயத்தைக் கேட்டேன். “ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னுட்டிருந்தேன்க்கா. அவரு என்ன கேட்டாருன்னே முழுசாக் காதுல விழல. அந்த வார்த்தை தானா வாயில வந்துடுச்சு” என்றார். பிறகு, “உங்க ஊர் தண்ணி” என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. “நீங்க சொன்னதுதான் சரி. நான் எம்.டி.கிட்டப் பேசறேன்” என்றார். கோபம் பாதி இறங்கியது. பச்சைக் குழந்தைக்காரரிடம் எவ்வளவுதான் சண்டை போடுவது.

ஆனால் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அந்த லாரி முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபது வயதுக்காரர், வாய் நிறைய ‘சாமி’ என்று கூப்பிட்டு வாரம் ஒரு தடவையாவது என்னிடம் போனில் பேசுகிறவர். டயர் விவரத்தைத் தன் மனதிலேயே வைத்திருப்பவர், அதை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கே நேராகப் போன் போட்டேன். “ஏனுங்கய்யா, ஆப்புல டயருக்கும் ஒரு பக்கம் வேணும்னீங்களாமா?” என்று கேட்டேன். “நான் எங்க சாமி கேட்டேன்?” என்றார். “உங்க மொதலாளிதான் ஊட்டுக்கு வந்து, டயரையும் போட்டுக் குடுத்துரலாமுங்களான்னாரு. போட்டுக்கலாமுங்கன்னேன். ஊடு தேடி வந்த மனுசங்கிட்ட மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? எனக்கு அந்த ரசீது வந்தாப் போதும் சாமி.”

நான் போனை வைத்துவிட்டு, என்னைச் சுற்றி நின்ற ஏழு பேருக்கும் அதை அப்படியே சொன்னேன். யாரும் கேட்காத ஒரு வேலை. பெரியவர் கேட்டதாக எம்.டி. நினைத்தார், மாஸ்டர் ஒப்புக்கொண்டதாகவும் நினைத்தார், அது நேராக வந்து என் மடியில் விழுந்தது. மூன்று பெரிய மனிதர்கள், மூன்று ‘லாம்’, அதில் ஒரு ஆள்கூட இல்லை. அதற்காக எட்டுக் குடும்பத்தின் வேலை போயிருக்கும். அதையும் மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாஸ்டர் அன்று சாயங்காலமே எம்.டி.யைக் கூப்பிட்டு, “நான் சொன்னது தப்பு சார். அவங்க சொன்னதுதான் சரி” என்று நேராகச் சொல்லிவிட்டு, பெரியவர் சொன்னதையும் சொல்லியிருக்கிறார். எம்.டி. எனக்கு ஒரு வரி அனுப்பினார்: ரசீது மட்டும் போதும். அதோடு சரி.

ஆயுத பூஜை அன்று எட்டுப் பேரும் அந்த லாரி ஷெட்டுக்குப் போனோம். வண்டிகள் குளித்துச் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக நின்றன. டிரைவர்கள் அவரவர் செல்போனையும் பூஜையில் வைத்திருந்தார்கள். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, பொரி கடலையை என் முந்தானையில் கொட்டி, “நல்லா இரு சாமி” என்றார். மாஸ்டர் கைக்குழந்தையின் போட்டோவை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு சுற்றினார். ஆபீஸ் மூடப்படவில்லை. அடுத்த வருஷம் மாஸ்டர் சென்னைக்கே போய்விட்டார். குழந்தை அங்கே இருக்க இவர் இங்கே எத்தனை நாள் இருக்க முடியும்? போகும்போது இனி டீமை யார் பார்ப்பது என்று எம்.டி. கேட்டிருக்கிறார். “அக்கா பாத்துக்குவாங்க” என்று சொன்னாராம். பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை. அதை எம்.டி.யே எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து நான்தான் பார்க்கிறேன். இரண்டு முறையும் இன்றுவரை ஒன்றாகத்தான் ஓடுகிறது. மாஸ்டர் நல்லவரா கெட்டிக்காரரா என்று யாராவது கேட்டால், தப்பென்று தெரிந்ததும் அதைத் தன் வாயால் சொன்னவர் என்று சொல்வேன். என் வேலை அனுபவத்தில் அப்படி இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பையன் அடுத்த வருஷம் பத்தாவது. வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்செடுத்தார். “பத்தாவதுன்னா சும்மா இல்ல. சாயங்காலத்துல கூட உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள் வேணும். ஒரு வருசம் ஊட்ல இருந்து பாத்துக்கலாமாட்ட இருக்குது.” மாமியார் உடனே, “ஒரு வருசந்தான சாமி, இருந்துக்கலாம்” என்றார். இரண்டு பேர் குரலிலும் ஒரு துளி கடுமை கிடையாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாருங்க இருக்கறது?” என்றேன்.

கோபமாகக் கேட்கவில்லை. காலைக் கூட்டத்தில் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் கேட்டேன். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீதான் என்று சொல்லியிருக்க முடியும். வாய் வரைக்கும் வந்திருக்கும். நான் கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்பளத்தை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷர் என் வீட்டுக்காரர், அவருக்குப் பொய் வராது. ஒரு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார்.

“பட்டறையில சொல்லிட்டு ஆறு மணிக்கெல்லாம் நான் வாரேன்” என்றார். “கணக்கும் சயின்சும் நான் பாக்கறேன். இங்கிலீசு எனக்கு ஆவாது, அது நீ வந்து பாரு.”

திங்கட்கிழமை அவர் ஆறேகாலுக்கு வந்தாராம். கையில் பெயின்ட் வாசனைகூடப் போகாமல் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார் என்று பையன் சொன்னான். நான் அப்போது ஆபீஸில் இருந்தேன்.